ஏழாவது துளை

ஆம்பூரில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஒரு தோல் பட்டறையில் இரண்டு ஊசிகள் இருந்தன. ஒரே உயரம், ஒரே பருமன். மெழுகு தடவிய ஒரே நூலின் இந்த முனையில் ஒன்றையும் அந்த முனையில் இன்னொன்றையும் கோத்துத் தைப்பது பட்டறைக்காரி அமலோற்பவத்தின் வழக்கம். வலது கை பிடிப்பது வலதூசி, இடது கை பிடிப்பது இடதூசி. இரண்டும் அண்ணன் தம்பி என்றே அழைத்துக்கொண்டன.

ஆனால் தம்பி இடதூசிக்கு அண்ணன்மேல் உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அமலோற்பவம் குத்தூசியால் தோலில் ஒரு துளை போடுவாள். முதலில் வலதூசி ராஜநடை நடந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். பிறகு அதே துளையில், அண்ணனின் நூல் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு கிடக்கும் இடுக்கில், இடதூசி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வரவேண்டும். கூட்ட நெரிசலில் பஸ்ஸின் பின்படியில் ஏறுகிற மாதிரிதான். ஒரு நாளா, இரண்டு நாளா? பிறந்ததிலிருந்து இதே பிழைப்பு.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாமல் போகுமா? பட்டறையின் மறுபக்கத்தில் பை, பெல்ட் எல்லாம் தைக்கும் மிஷின் இருந்தது. அதன் ஊசிக்கு வாய் ஜாஸ்தி.

"ஏன்டா தம்பி, ஒரு ஓட்டைக்கு ரெண்டு பேரா? நீ ஒரு வரிசை முடிக்கிறதுக்குள்ள நான் பத்து பை முடிச்சுடுறேன்."

"எங்க வேலை அப்படிண்ணே" என்றது இடதூசி, முனகலாக.

"என்ன வேலையோ போ. எங்களைப் பாரு. மேல நூல் என்னோடது. அடியில பாபின்னு ஒருத்தன் இருக்கான், கீழ நூல் அவனோடது. தோலுக்கு நடுவுல சந்திப்போம், ஒரு கொக்கி போட்டுக்குவோம், திரும்பிடுவோம். அவன் பக்கம் நான் போறதில்ல, என் பக்கம் அவன் வர்றதில்ல. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா?"

இடதூசிக்கு அது நியாயமாகவே பட்டது. நமக்கும் பட்டிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, வனத்துறை ரேஞ்சர் தமயந்தி பட்டறைக்கு வந்தாள். கூடவே ஃபாரஸ்டர் வேடியப்பன். இருவருக்கும் கைத்துப்பாக்கி உறை வேண்டும். திங்கட்கிழமை ஜவ்வாது மலை ஏறுகிறார்கள்.

"பாறைச் சரிவு, முள்ளு, ஓடைன்னு சுத்துவோம் அக்கா" என்றாள் தமயந்தி. "நான் விழுந்தாலும் எழுந்துக்குவேன். துப்பாக்கி விழக்கூடாது. தொலைஞ்சா வேலையே போயிடும்."

"கைத்தையல்னா ஒண்ணுதாம்மா முடியும். இன்னொண்ணுக்கு அடுத்த வாரம் ஆவும்."

"எனக்கு மிஷின்லயே அடிச்சுக் குடுத்துடுங்கக்கா" என்றார் வேடியப்பன். "பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

மிஷின் அந்த உறையைக் கால் மணியில் தைத்து முடித்தது. எறும்பு வரிசை கெட்டது, அப்படி ஒரு நேர்த்தி. "பார்த்தியா?" என்றது மிஷின் ஊசி.

அன்று பிற்பகல் தமயந்தியின் உறையில் கைத்தையல் தொடங்கியது. மொத்தம் அறுபத்திரண்டு துளை. ஆறு துளைவரை இடதூசி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஏழாவதில் அண்ணன் நூல் வழக்கம்போல வழியை அடைத்துக்கொண்டு நிற்க, அதற்குப் பொறுமை போய்விட்டது.

"தள்ளிக்கோண்ணே!"

"இன்னும் எங்கடா தள்றது? இருக்கிற இடமே இவ்ளோதான்."

"அப்ப குத்திட்டுத்தான் வருவேன்."

சொன்னபடியே செய்தது. அண்ணனின் நூல் முறுக்குக்கு நடுவே மூக்கை நுழைத்து, அதைப் பிளந்துகொண்டு இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

தோல் தைப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், இதைவிடக் கெட்ட காரியம் கிடையாது. நூல் நூலைக் குத்திவிட்டால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் தையல் தோலில் பதியாது. அதனால்தான் அமலோற்பவம் ஒவ்வொரு துளையிலும் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பாள். ஏழாவதில் இழுக்கப் போன நேரம் பார்த்துத் தோல் மண்டியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவள் நேரே எட்டாவது துளைக்குப் போய்விட்டாள்.

ஏழாவது தையல் எள்ளளவு எழும்பியே நின்றது. யார் கண்ணிலும் படவில்லை. வலதூசி ஒன்றும் சொல்லவில்லை. இடதூசிக்கு ஒரு பக்கம் குளுகுளு என்றிருந்தது, இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. உறை தமயந்தியின் இடுப்போடு மலைக்குப் போனதும் பயம் மட்டுமே மிச்சம். துப்பாக்கி விழுந்தால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். போனால், போக்கடித்தது யார்?

பத்து நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். வேடியப்பன் தன் உறையை மேஜைமேல் வைத்தார். அவரைக்காயை உரித்துப் போட்டதுபோல மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது.

"பாறையில ரெண்டு பேரும் சறுக்கிட்டோம்கா. உரசினது விரற்கடை இடம்தான். அங்க நூல் அறுந்துச்சு. உறையைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன் பாருங்க, மொத்தத் தையலும் சரசரன்னு உருவிக்கிட்டு வந்துடுச்சு. துப்பாக்கி ஓடைக்குள்ள போயிடுச்சு. மத்தியானத்துல இருந்து பொழுது சாயற வரைக்கும் இடுப்பளவு தண்ணியில காலால தேடினேன். கிடைச்சப்ப அழுதுட்டேன்கா."

"உன்னோடது எங்கம்மா?" என்று தமயந்தியிடம் கேட்டாள் அமலோற்பவம்.

தமயந்தி தன் உறையைக் கழற்றிக் கொடுத்தாள். பாறை அதையும் விடவில்லை. தோல் உராய்ந்து வெளிறியிருந்தது. சரியாக ஏழாவது தையல், எழும்பி நின்ற அதே தையல், பாறையில் சிக்கி அறுந்திருந்தது.

பஞ்சுப்பொதியில் குத்தியிருந்த இடதூசிக்கு உயிரே போய்விட்டது.

அமலோற்பவம் இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு, தோலைப் பிரிக்கப் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உறை அசையவில்லை. ஆறாவது தையல் ஆறாவது இடத்தில் இருந்தது. எட்டாவது எட்டாவது இடத்தில் இருந்தது. அறுந்த இழைக்குப் பின்னால், அதே ஏழாவது துளைக்குள், இன்னொரு இழை துளையை நிறைத்துக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருந்தது.

"அம்மாடி!" என்றார் வேடியப்பன். தொடப் பயந்தவர்போல ஒற்றை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். தைத்தவளே வாயைத் திறந்தபடி நின்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடதூசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்த நூலை வழியை அடைக்கிறது என்று வைததோ, அந்த நூல் இத்தனை நாளும் அந்த அடைப்பால்தான் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணே, அறுந்தது என் இழை."

"ஆமா."

"நான் உன்னைக் குத்தினது உனக்குத் தெரியுமா?"

"குத்தினா தெரியாதாடா?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

வலதூசி யோசித்தது. "சொல்லலாம்னுதான் பார்த்தேன். அதுக்குள்ள எட்டாவது துளை வந்துடுச்சு."

மிஷின் ஊசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது கெட்டது ஒன்றும் இல்லை. ஊருக்குப் பை தைத்துக் கொடுக்கிற ஊசி, நாளைக்கும் தைக்கும். ஆனால் பிளந்து கிடந்த உறையை அதுவும் பார்த்தது. முதல் தடவையாகக் குனிந்து, தகட்டின் அடியில் இருட்டைப் பார்த்து, மெதுவாகக் கூப்பிட்டது.

"பாபினு, உன் பக்கம் எப்படிடா இருக்கும்?"

கீழேயிருந்து, "இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்குற" என்று ஒரு குரல் வந்தது.

அமலோற்பவம் வேடியப்பனுக்குப் புதுத் தோல் வெட்டினாள். "இந்தத் தடவை அவசரப்படுத்த மாட்டேன்கா" என்று அவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நூலுக்கு மெழுகு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தையல் நகர்ந்தது. ஏழாவது துளையில் வலதூசி நுழைந்து அந்தப் பக்கம் போனது. அதன் நூல் வழக்கம்போல வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் இருடா தம்பி, ஒதுங்கிக்கிறேன்" என்றது வலதூசி.

"வேணாம்ணே, அப்படியே இரு" என்றது இடதூசி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் நூலில் ஒரு கீறல் படாமல், அதை ஒட்டி உரசியபடி மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தது.