ஒலிவக் கொட்டையை எண்ணுகிறவர்

ரோமாபுரியில் கர்போ என்றொரு மீன் வியாபாரி இருந்தான். கோபம் அவனுக்கு மூக்கு நுனியில். தலை நரைத்த பிறகு நாடகம் எழுதும் ஆசை பிடித்துக்கொள்ள, தன்னைவிட இளையவரான சில்வன் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியரிடம் சீடனாய்ச் சேர்ந்தான்.

ஒருநாள் காலை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஆசானே, குடி முழுகிப்போச்சு! நாளைக்கு விழா அதிகாரி முன்னால் என் நாடகத்தைப் படித்துக் காட்ட வேண்டுமாம். அவர் தலையாட்டினால்தான் திருவிழாவில் மேடையேறும்."

"நல்ல சேதிதானே?"

"என்னத்த நல்ல சேதி! அதில் வருகிற கஞ்சனே அவர்தான். விருந்தாளி துப்பிய ஒலிவக் கொட்டையை எண்ணிப் பார்க்கிற மனுஷன் இந்த ஊரில் வேறு யார்?"

"கதை எங்கே நடக்கிறது?"

"ஏதென்ஸில்தான். நம்மூர்க்காரனைக் கேலி செய்யவேண்டுமானால் கிரேக்க ஊரில் கொண்டுபோய் வை என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? ஊரை மாற்றிவிட்டேன். கொட்டையை மாற்ற முடியுமா? அவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் என்னைச் சிறையில் தள்ளுவார்!"

"அந்தக் காட்சியை வெட்டிவிடு."

கர்போ தொடையில் ஓங்கி அறைந்தான். "வெட்டுவதா? நாடகத்துக்கே உயிர் அதுதான்! அதற்கு இதை நாய்க்குப் போடலாம்!"

கையிலிருந்த நாடகச் சுருளைத் தெருவில் வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து, அதை எடுத்துத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

சில்வன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்று என் புது நாடகத்துக்கு ஒத்திகை. வந்து உட்கார்."

திருவிழாவுக்காகப் பலகை மேடை எழும்பிக்கொண்டிருந்தது. தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். சிவந்த முகமூடி மாட்டிய ஒரு நடிகன், தலையில் கூடையோடு மேடைக்கு வந்தான். ஏதென்ஸ் நகரத்து மீன்காரன்.

ஒரு கிழவி பாதி விலைக்குக் கேட்டாள்.

மீன்காரன் தொடையில் அறைந்தான். "பாதி விலையா? இந்த மீனின் கண்ணைப் பார்! உன் மருமகளுக்கு இருக்கிறதா இப்படி ஒரு கண்? உனக்குக் கொடுப்பதற்கு நாய்க்குப் போடுவேன்!" மீனைத் தரையில் எறிந்தான். கிழவி தன் வழியே போனாள். மீன்காரன் மீனை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு, அவள் பின்னாலேயே மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். "பாட்டி! ஏ பாட்டி! பாதி விலைக்கே வாங்கிக்கொள்ளேன்!"

கர்போவுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. கண்ணில் நீர் வழிய, தொடையில் படபடவென்று அறைந்துகொண்டு சிரித்தான். தச்சர்கள் மேடையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பலகையில் விழுந்து புரண்டார்கள்.

ஒத்திகை முடிந்ததும் ஓடிப்போய் ஆசானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏதென்ஸாவது ஒன்றாவது! அது நம் ஆற்றங்கரைச் சந்தை வோல்கன்தானே? என் பக்கத்துக் கடைக்காரன்! அதே கத்தல், அதே ஓட்டம்! அந்தப் பயலை அப்படியே உரித்து வைத்துவிட்டீர்களே! சந்தைப் பக்கமே வரமாட்டீர்கள், அவனை எங்கே பிடித்தீர்கள்?"

"வோல்கன் யார்?"

"தெரியாதா?"

"எனக்கு மீன்காரன் ஒருவனைத்தான் தெரியும், கர்போ."

அவனுடைய கை தொடையை நோக்கிப் பாதி வழி போய், அந்தரத்தில் நின்றது. முகம் முகமூடியைவிடச் சிவந்தது. தச்சர்கள் அவசரமாகச் சுத்தியலைத் தேடினார்கள்.

கர்போ மடியிலிருந்த சுருளைத் தடவியபடி மெல்லக் கேட்டான்.

"ஆசானே, நாளைக்கு அந்த அதிகாரி… அந்தக் கொட்டைக் காட்சிக்குச் சிரிப்பாரா?"

"நீ சிரித்தாயே" என்றார் சில்வன்.