பூமி மறைத்த விரிசலும் கொடுக்கன் நண்டும்

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, பூமியும் வாய் திறந்து பேசும். பேசுவதில் பாதி புளுகு.

நடுக்கடலில் ஒரு தீவு இருந்தது. கடலடித் தரை அந்தத் தீவின் அடியில் நுழைந்து நெருக்கிக்கொண்டே இருக்கும். தீவும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும். தாங்காதபோது உள்ளே எங்கேயாவது பிளந்து, ஒரு பக்கம் இறங்கிவிடும். கடல் ஏறி வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போகும். பூமிக்கு மானம் பெரிது. பிளந்த இடத்தின்மேல் சேற்றை மெழுகி, புல்லையும் முளைக்க வைத்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்துவிடும்.

அப்படி மெழுகிய தாழ்வான புல்வெளி ஒன்றில் முட்டையிட ஆலாப் பறவைகள் வந்து இறங்கின. போன பருவத்தில் வேறொரு கரையில் புயலுக்கு எல்லா முட்டைகளையும் பறிகொடுத்தவை அவை. இந்தத் தடவையும் போனால் அந்தக் கூட்டமே அற்றுப்போகும். அந்தப் பயத்தில் தலைவி சிறகாயி உயரப் பறந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆலாக்கள் எதையும் மேலேயிருந்துதான் பார்க்கும். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பூமியிடமே கேட்டாள்.

“நானா? பொறந்ததுலேருந்து அசைஞ்சதே இல்லம்மா,” என்றது பூமி.

பக்கத்தில் வளை தோண்டிக்கொண்டிருந்த கொடுக்கன் என்ற நண்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அக்கா, அது சொல்றத நம்பாதீங்க. என் வளையில இடது சுவத்துல கறுப்பு மண்ணு கண்ணுக்கு நேரா இருக்கு. அதே மண்ணு வலது சுவத்துல காலுக்குக் கீழ கிடக்கு. அதுமேல வெள்ளைக் கடல்மணல். தரை இங்க ஒடிஞ்சு எறங்கியிருக்கு, கடல் வந்திருக்கு. இன்னும் தோண்டினா மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. பல தடவ நடந்திருக்கு!”

“எடத்த நீயே வச்சுக்கப் பாக்குறியா?” என்றாள் சிறகாயி. “உன் வளையில என் தலைகூட நுழையாது. நான் எப்படி நம்புறது?”

கொடுக்கனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீங்க வர வேணாம். சுவத்தையே வெளிய கொண்டாறேன்.”

சுவரைச் சுரண்டினால் வீடு இடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் சுரண்டினான். மண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, இடது சுவர் மண்ணை இடப்பக்கமும் வலது சுவர் மண்ணை வலப்பக்கமும், உள்ளே மேலிருந்து கீழாக இருந்த வரிசைப்படியே வாசலிலிருந்து நீளமாக வைத்தான். கடைசி உருண்டையோடு அவன் வெளியே வர, வளை பொத்தென்று இடிந்து விழுந்தது.

சிறகாயி மேலே பறந்து பார்த்தாள். இடது வரிசையில் கறுப்பு சீக்கிரமே வந்தது, வலது வரிசையில் வெகுதூரம் தள்ளி வந்தது. இறங்கி ஒரு வெள்ளை உருண்டையை அலகால் உடைத்தாள். உள்ளே கடல் சிப்பியின் துணுக்குகள். அவள் நண்டின் பக்கம் திரும்பினாள்.

“அடுத்தது எப்ப வரும் தம்பி?”

“அது எனக்குத் தெரியாதுக்கா. இதுவரைக்கும் வந்தது தெரியும். வந்தது இனியும் வரும்.”

அவள் கூட்டத்தைக் குன்றின் மேல் ஏற்றினாள். வீடிழந்த கொடுக்கனையும் அலகில் மெல்லத் தூக்கிக்கொண்டாள். புல்மெத்தையை விட்டுப் பாறையில் படுக்க வேண்டியிருக்கிறதே என்று மற்ற ஆலாக்கள் முணுமுணுத்தன. சிறகாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் முன்பே, ஒரு நடுப்பகலில் தீவு குலுங்கியது. புல்வெளி சரிந்து இறங்கியது. கடல் அதன்மேல் ஏறிப் புரண்டது. குன்றின் மேல் ஒரு முட்டைகூட நனையவில்லை. சிறகாயி கொடுக்கனைப் பார்த்து அழுதேவிட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் பூமி அவசரம் அவசரமாக ஈரமணலை மெழுகத் தொடங்கியது. கொடுக்கன் குன்றிலிருந்து இறங்கிப் போய் அதே இடத்தில் தோண்ட ஆரம்பித்தான்.

“அது மெழுகட்டும்க்கா,” என்றான். “நான் திரும்ப வெளிய எடுத்து வைக்கிறேன்.”

அன்று முதல்தான் ஆலாக்கள் நண்டுகளின் மண் உருண்டைகளைப் பார்க்கத் தலையைக் குனிந்தபடியே கரைமேல் பறக்கின்றன. நண்டுகள் உள்ளிருக்கும் மண்ணை உருட்டி வளை வாசலில் பரப்புவதும் அன்று முதல்தான். அலை வந்து அத்தனையையும் அழித்துவிட்டுப் போனாலும், நீர் வடிந்த கையோடு அவை மறுபடி முதல் உருண்டையை உருட்டத் தொடங்குகின்றன.