கடிகாரத்துக்குப் பத்து வயது கூட்டியது

சுணங்கன்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வது அபாண்டம். இருக்கிறது. பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வெயிலுகந்தான் இட்லியைக் கண்ணால் பார்த்து இருபது நாளாகிறது. "கிரைண்டர் வந்தாத்தான் இனி இந்த வீட்டுல இட்லி" என்று அவர் மனைவி இசக்கியம்மாள் ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டாள். காலையில் உப்புமா. ராத்திரி, காலையில் மிஞ்சிய உப்புமா.

வீட்டில் விலைபோகக் கூடியது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று மாமனார் தம் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட, தினமும் சாவி கொடுக்க வேண்டிய கைக்கடிகாரம். அவர் அதை வாங்கி அறுபது வருஷம். ஓடும், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிந்தும்.

பழைய கடிகாரம் சேகரிக்கும் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: "எழுபது வருஷமாவது ஆயிருந்தா எடுத்துக்கிடுதேன். சர்வீஸ் பண்ணணுமா வேண்டாமான்னு யோசிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை வாறேன்."

வெயிலுகந்தான் கடிகாரக் கடை மீரான் பாயிடம் போனார்.

"குடுங்க அண்ணாச்சி. அழுக்கெடுத்து எண்ணெய் போட்டா புத்தம் புதுசா ஆயிரும்."

வெயிலுகந்தான் நீட்டிய கடிகாரத்தை வெடுக்கென்று இழுத்துச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையையும் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கேட்பவர் பழசு கேட்கிறார். இந்த மனுஷன் அறுபது வருஷத்தை ஒரே மத்தியானத்தில் துடைத்துவிடப் பார்க்கிறாரே!

உடனே சபை கூடியது. சபை என்றால் மச்சினன் கொம்பையாவும், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கரபாண்டியும்.

"சர்வீஸ் பேச்சே எடுக்காதிய அத்தான். அழுக்குலதான் அதோட வயசே இருக்கு" என்றான் கொம்பையா.

"அது சரி மாப்ள. ஆனா எழுபதுக்குப் பத்து குறையுதே?"

சங்கரபாண்டி கண்ணை மூடி விரலை மடக்கினார். "பத்து மட்டுமில்லவே. தினம் கால்மணி பிந்துதுல்லா? அவ்வளவும் அது வாழாத நேரம். அறுபது வருஷத்துல ஏழரை மாசம் வருது. கடிகாரம் இன்னும் அறுபதைத் தொடவே இல்ல."

வெயிலுகந்தானின் கண்ணெதிரே ஓர் இட்லிப் பானை ஆவியாகிக் கரைந்தது. "வழியே இல்லியா அண்ணாச்சி?"

"நாமதான் வயசைக் கூட்டணும். சின்ன முள்ளு ரெண்டு சுத்து சுத்தினா ஒரு நாள். பத்து வருஷத்துக்கு ஏழாயிரத்து முந்நூறு சுத்து. ஏழரை மாசத்துக்கு ஒரு நானூத்தம்பது."

"லீப் வருஷம் வருமே?" என்றான் கொம்பையா.

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. தேதி காட்டாத கடிகாரத்துக்குப் பிப்ரவரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாமாகச் சொல்ல வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் திருகத் தொடங்கினார்கள். முறை வைத்துத் திருகியும் மூவருக்கும் விரலில் கொப்புளம். வழியில் வந்த பத்துத் தீபாவளிக்கும் கொம்பையா தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் அவனுக்குச் சளி பிடித்தது. ஒன்பதாவது வருஷத்தில் அவன் போட்ட தும்மலில் முள் பின்னால் நகர்ந்து, ஒரு முழு நாள் கைவிட்டுப் போயிற்று. சனிக்கிழமை மாலை கடிகாரத்துக்கு எழுபது வயது பூர்த்தியானது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பாளையங்கோட்டைக்காரர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இது அறுபது வருஷத்துக்கு முந்தின மாடல்லா?"

"அது புதன்கிழமை வரைக்கும் ஐயா" என்றார் வெயிலுகந்தான், அடக்கமாக. "இப்ப எழுபது முடிஞ்சிட்டு."

வந்தவர் பூதக்கண்ணாடியைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "அறுபதுன்னாலும் பரவால்ல. இப்படியே தந்தா ஒரு கிரைண்டர் வாங்குற அளவுக்குத் தாறேன். சர்வீஸ் பண்ணித் தந்தா கொஞ்சம் கூடத் தாறேன். ஒரு வாரம் நல்லா யோசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயிலுகந்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இன்னும் ஏழு நாள் உப்புமா.

"எதுக்கு அத்தான் கலங்குதிய?" என்றான் கொம்பையா. "பதினாலு சுத்துதானே?"

திருகினார்கள். வந்தவர் சொன்னபடியே விடாமல் யோசித்துக்கொண்டு திருகினார்கள். செவ்வாய் வரை சர்வீஸ் செய்வதாக இருந்தது. புதனன்று மனம் மாறியது. வெள்ளிக்கிழமை சங்கரபாண்டி தயங்கினார். சனியன்று எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஞாயிறு பிறந்ததும் மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள்.

பாளையங்கோட்டைக்காரர் அங்கே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

"பாத்தியளா! சொன்ன நாளைக்கு டாண்ணு வந்துட்டாரு!" என்றான் கொம்பையா.

வெயிலுகந்தான் கைகூப்பினார். "ஒரு வாரமா ராப்பகலா யோசிச்சோம் ஐயா. சர்வீஸ் வேண்டாம்."

அவர் மூவரையும் பார்த்தார். தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்தார். பணத்தை வெயிலுகந்தான் கையில் திணித்து, கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, பஸ் முழுசாக நிற்பதற்குள் தாவி ஏறிவிட்டார்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை வெயிலுகந்தான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இட்லி நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒரு வருத்தம்.

"தங்கமான மனுஷன்" என்றார். "வீட்டுலதான் கவனிக்க ஆளில்ல போல. பாவம், போன வாரம் போட்டிருந்த அதே சட்டை."