முகம் திருப்பிய ரோபோ

கோவையில் தணிகாசலம் என்றொரு பணக்காரர் இருந்தார். பழைய விண்வெளிப் படங்களின் அரிய பொம்மைகளைத் தேடித்தேடிச் சேர்ப்பார். முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த, சீல் உடையாத பெட்டிக்குள் இருந்த ரோபோ வீரன்தான் அவருக்கு உயிர். சீல் உடைந்தால் அதன் மதிப்பே போய்விடும். அதைப் பார்க்க ஒருநாள் வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். அவர் அலமாரியைத் திறந்தார். பெட்டிக்குள் ரோபோ முதுகைக் காட்டி நின்றது.

வீடு துடைக்கும் செல்லக்கனியை உடனே கூப்பிட்டார்.

"பெட்டியைத் திறந்தது நீதான். இப்போ சீலைத் தொடாமலே அதை முன்னால திருப்பு. இல்லேன்னா போலீஸுக்குச் சொல்வேன்."

அவள் நிதானமாகக் கேட்டாள். "அப்போ இது திறந்த பெட்டின்னு இவங்ககிட்டச் சொல்லிடலாங்களா ஐயா?"

அவர் பதறினார். "இல்லை இல்லை, இதை யாரும் திறக்கவே இல்லை."

"அப்படின்னா நானும் திறக்கலைங்க."

வந்தவர்கள் பெட்டியின் சீலை உருப்பெருக்கியால் சோதித்தார்கள். அது கொஞ்சமும் பிரிந்திருக்கவில்லை.

"பிறகு எப்படித் திரும்பிச்சு?" என்றார் ஒருவர், மெல்ல.

"தெரியலைங்க. கதவைச் சாத்திக்கிட்டு தினமும் அதோட பேசறது ஐயாதானுங்க. அதுக்கு அவர் மேல என்ன கோபமோ."

தணிகாசலம் பெட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினார். அவர் முகம் வெளுத்தது. வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். செல்லக்கனியும் வாசலுக்கு நடந்தாள்.

"கொஞ்ச நேரம் என்கூட இரும்மா" என்றார் தணிகாசலம்.