நடுவில் ஒரு மஞ்சள் வாத்து

கவனமாகக் கேளுங்கள், இரண்டாம் தடவை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு காம்பவுண்டு. எதிரெதிரே இரண்டு வீடு. ஒன்றில் சங்கரவடிவு, கான்வென்டில் என்னோடு தையல் வகுப்பில் இருந்தவள். “எல்லார் தையலும் ஓடுது, உன் தையல் நொண்டுது” என்று சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அன்று தொடங்கிய மேஜை விரிப்பு இன்றும் அவள் பீரோவில் பாதியில் கிடக்கிறது. தலையணை உறையும் அப்படித்தான்.

எதிர்வீட்டில் பியூலாவும் அவள் மாமியார் ரத்னபாயும். பியூலா உண்டாகியிருந்தபோது, பழைய துணித் துண்டுகளை இணைத்துப் பிள்ளைக்கு மெத்தை தைக்கப் போவதாக வடிவு அறிவித்தாள்.

“அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள முடிச்சிருவியா?” என்றாள் ரத்னபாய்.

வடிவின் முகம் சுண்டிவிட்டது. பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. “நீங்க தைங்கக்கா. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை முதல்ல உங்க மெத்தையிலதான் கிடத்துவேன். வேற எதுலயும் கிடத்த மாட்டேன். சத்தியம்.”

அந்த ஒரு சொல்லுக்காக வடிவு நான்கு மாதம் குனிந்த தலை நிமிரவில்லை. தன் பழைய நூல் புடவைகளைச் சாண் சதுரமாக வெட்டி இணைத்தாள். அடிப்பக்கத்துக்கு அகலமாக ஒரே துணி வேண்டுமே? ரத்னபாய் தன் வீட்டுக்காரர் உடுத்தி உடுத்தி வெண்ணெயாய்ப் போன வேட்டியைக் கொடுத்தாள். “இதையும் பாதியில விட்டுராதே” என்று கூடவே ஒரு குத்து. இடையில் மெல்லிய பஞ்சு. இருபத்து நான்கு சதுரம் தேறிவிட்டது. நட்ட நடுவில் ஒன்று மட்டும் குறைந்தது. கடைக்கு ஓடி, மஞ்சள் வாத்து போட்ட புதுத்துணி வாங்கி வந்து வைத்துத் தைத்தாள். ஆசை யாரை விட்டது!

பெண் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது வடிவு மெத்தையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு தையல் பாக்கியில்லை. ஆனால் ரத்னபாய் கண்ணில் வாத்து பட்டுவிட்டது.

“நில்லு. இது கடைத்துணில்லா? கஞ்சிகூடப் போகலை. பேர் வைக்கிற வரைக்கும் புதுத்துணி பிள்ளை உடம்புல படக்கூடாது. எங்க வீட்டுல இதை யாரும் மீறினதில்லை, நானும் விடமாட்டேன்.”

வடிவின் கண் நிறைந்துவிட்டது.

ரத்னபாயே கொஞ்சம் இறங்கினாள். “வேணும்னா மேல என் பழஞ்சேலையை விரிச்சுக் கிடத்து.”

“அப்ப பிள்ளை கிடக்கறது உங்க சேலையிலல்லா அத்தை?” என்றாள் பியூலா.

“பேர் வைக்கிற அன்னைக்கே கிடத்து பியூலா. எனக்கு ஒண்ணும் இல்ல” என்று வடிவு மூக்கை உறிஞ்சினாள்.

“அதுவரைக்கும் இவளைக் கையிலயே வச்சிருக்கவாக்கா?”

“வாத்தை மட்டும் பிரிச்சு எடுத்துட்டா ஆச்சு” என்றார் ஆட்டோக்காரர். மூன்று பெண்களும் பார்த்த பார்வையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பியூலா மெத்தையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், சிரித்தாள். அடுத்த நிமிஷம் குழந்தை மெத்தையில் கிடந்தது. சேலை விரிக்கவில்லை. நாள் கடத்தவில்லை. ஒரு தையல் பிரிக்கவில்லை. மருமகளின் சத்தியமும் நின்றது, மாமியாரின் சட்டமும் நின்றது.

பியூலா என்ன செய்தாள்? யோசியுங்கள். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

விடை: மெத்தையைத் திருப்பிப் போட்டாள், அவ்வளவுதான். அடிப்பக்கம் முழுக்கத் தாத்தாவின் வேட்டி, ரத்னபாய் தன் கையாலேயே கொடுத்தது. எந்தப் பக்கம் போட்டாலும் மெத்தை வடிவு தைத்த மெத்தைதானே! குழந்தையும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. வேட்டி, பஞ்சு எல்லாம் தாண்டி வாத்து வரைக்கும் நனைத்து வைத்தது. ரத்னபாய் மெத்தையை அலசி வெயிலில் போட்டு, காய்ந்ததும் எடுத்துவந்து வாத்து மேலே தெரிகிற மாதிரி விரித்தாள். “அத்தை, புதுத்துணி!” என்று பதறினாள் பியூலா. “இன்னும் என்னட்டி புதுசு? பிள்ளை மோண்டாச்சு, பழசாயிட்டு. கிடத்து!”