சதுப்பு கூப்பிட்ட பெயர்

கரடிக்கும் சதுப்பு நிலத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மேற்குக் கடலோரத்தில் கெல்ட்டு என்ற பழங்குடியினரின் நாட்டில் ஆளுக்கு ஒரே சொல்தான் பெயர். அங்கே ஆண்ட லுக்கன் முதலில் காட்டை எடுத்துக்கொண்டான். அடுத்து ஆற்றை. அதற்கும் அடுத்து மேய்ச்சல் குன்றை. யாரும் தடுக்கவில்லை. கடைசியில் பெயர்களிலேயே கை வைத்தான்.

தன் வயல்களைச் சதுப்பு விழுங்காதிருக்க, ஆண்டுதோறும் அதன் கரையில் நின்று, "லுக்கன் தருகிறேன்" என்று தொடங்கி ஊரார் ஒருவரின் பெயரைச் சொல்வான். மூடுபனி எழும். செத்துப்போன தாயின் குரலில் சதுப்பு அந்தப் பெயரைக் கூப்பிடும். பெயருக்கு உரியவர் எழுந்து சேற்றுக்குள் நடந்துவிடுவார். கட்டிவைத்தாலும் கயிறு அறுந்துவிடும்.

குன்றைத் திருப்பிக் கேட்ட ஒரே பெண் வெர்னா. அந்த ஆண்டு அவள் பெயர் என்று முடிவாயிற்று. காடிழந்து பாறையிடுக்கில் கிடந்த ஆர்த்தோ என்ற கரடியிடம் அவள் போனாள்.

"என்ன பெண்ணே, காலெல்லாம் இப்போதே ஈரம்?"

"கேலியை விடு. இன்று நான். அடுத்து நீ."

"லுக்கனின் ஆட்கள் என் தோலை அளந்துகொண்டு போய்விட்டார்கள்."

"அப்படியானால் உன் பெயரை என் பெயரோடு கட்டு. ஒரே பெயரில் இருவர் நின்றால் எவரை இழுக்கும்?"

"கட்டினால் அவிழ்க்க முடியாது. என் பசி உனக்கு வரும். உன் அழுகை எனக்கு வரும்."

"வரட்டும்."

உள்ளங்கையைக் கீறிக் கரடியின் பாதத்தில் அழுத்தினாள்.

மாலையில், ஊரார் பார்த்திருக்க, லுக்கன் கரையில் நின்று அவள் பெயரைச் சொன்னான். சதுப்பு கூப்பிட்டது. "வெர்னா." அவள் கால் அசையவில்லை. அவள் தொண்டையில் கரடி உறுமியது. அவளோடு கட்டிய பெயரையும் சதுப்பு கூப்பிட்டது. "ஆர்த்தோ." பாறையிடுக்கில் ஒரு பெண் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

பனி பசியோடு கரையைத் தடவியது. ஆண்டுதோறும் கேட்டுக்கேட்டு அதற்குத் தெரிந்த இன்னொரு பெயர் மிச்சமிருந்தது.

"லுக்கன்... மகனே..."

அவன் கால்கள் நடந்தன. "யாராவது என் பெயரை உங்களோடு கட்டுங்களேன்!" என்று அலறினான். கட்டியிருக்கலாம். காட்டையும் ஆற்றையும் குன்றையும் இழந்தவர்கள் காது கேளாதவர்களாக நின்றார்கள். சேறு மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் அந்த மக்கள் இரண்டு சொற்களைக் கட்டி ஒரே பெயராக வைக்கிறார்கள். கல்லில் வெட்டி, சாட்சிகள் முன் உரக்க வாசிக்கிறார்கள். முதல் கல்லின் முன் ஊரே நின்றது. ஒருவன் உரக்க வாசித்தான்:

"ஆர்த்தோவெர்னா."