சுத்தியல் படாத கதவு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. ‘உம்’ கொட்டிவிட்டு எழுந்து போகிற கதை இல்லை இது. கடைசியில் ஒன்று கேட்பேன், பதில் சொல்லியாக வேண்டும்.

பீளமேட்டில் தெய்வசிகாமணி என்று ஒருத்தர். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில். பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. உருண்டு திரண்ட உடம்போடு, சாப்பிட்டுவிட்டு நடக்கிற பெரிய மனிதர் மாதிரி நிதானமாக வருமே, அந்தக் கார். தேடித் தேடிக் கடைசியில் தாராபுரத்தில், நஞ்சப்பன் என்கிறவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்தார். பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

நஞ்சப்பனுக்கு எண்பத்து நாலு வயது. விலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நேராக முன்பக்க இடது கதவைத்தான் காட்டினார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

“இது ஆரு பண்ணுனது தெரியுமா? எங்க ஊட்டுக்காரி ருக்குமணி. அந்தக் காலத்துல இந்த ஊர்ல கார் ஓட்டுன ஒரே பொம்பளை. மொத நாளே தேர் நிக்கிற தேர்முட்டியில கொண்டுபோய் இடிச்சுட்டா. கடைவீதியே சிரிச்சுது. மறுநா அதே நேரத்துக்கு, அதே வீதியில, இந்த நசுங்கலோடயே ஓட்டீட்டுப் போனா பாரு! ஒருத்தன் வாயத் தொறக்கல.” சொல்லும்போது கூன் விழுந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. “இது அவ போட்ட கையெழுத்து தம்பி. இதுமேல சுத்தியல் படக்கூடாது. இது வண்டிய விட்டுப் போகவும் கூடாது. மீறுனா வண்டி திரும்ப எங்கிட்ட வந்துரோணும்.”

“ஆகட்டுங்கய்யா” என்றார் தெய்வசிகாமணி. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? “தை மாசம் கோயமுத்தூர்ல பழைய கார் ஊர்வலம் நடக்குமுங்க. உங்கள முன்சீட்டுல உக்கார வெச்சு ஓட்டீட்டுப் போறனுங்க” என்று இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருஷம் போனது. ஒயர் முழுக்க அவரே இழுத்தார். கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்து மாட்டினார். முதல் தடவை எஞ்சின் பிடித்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. மனைவி பூவாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போனார். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். “கழுத்த இறக்குங்க, சுளுக்கிக்கப் போகுது” என்று பூவாத்தா புருஷனைக் கிண்டல் செய்தாள். அவளும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம்தான் ஊர்வலக்காரர்கள் விதிமுறைத் தாள் அனுப்பினார்கள். வெளித்தகடு புதுசு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். நசுங்கல் உள்ள வண்டிக்கு வரிசையில் இடம் இல்லை.

தெய்வசிகாமணி, நசுங்கல் எடுக்கிற டிங்கர் நூருல்லாவிடம் ஓடினார்.

“இதுக்கா இந்த ஓட்டம்? உள்ள இருந்து நாலு தட்டு, முடிஞ்சுது.”

“சுத்தியல் ஆகாது பாய். நசுங்கல் வண்டிய விட்டுப் போகவும் கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அப்ப பட்டி மாவு வெச்சு மூடச் சொல்றீங்களா? முப்பத்தஞ்சு வருஷமா என் பட்டறைக்குள்ள பட்டி டப்பா வந்ததில்ல. மாவு பூசி அனுப்ப நான் என்ன தோசைக் கடையா வெச்சிருக்கேன்?”

“கோவிச்சுக்காதீங்க பாய். கதவையே மாத்தீட்டா?”

“நசுங்கல் வண்டிய விட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

தெய்வசிகாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வாக்கைக் காப்பாற்றினால் பெரியவருக்கு ஊர்வலம் இல்லை. இன்னொன்றைக் காப்பாற்றினால் கார் போய்விடும்.

பட்டறைக்கே பித்தளைத் தூக்கில் காபி கொண்டு வந்திருந்தாள் பூவாத்தா. இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். காலித் தூக்கின் உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏம் பாய், குழிய எடுக்கறது எப்படின்னே ரெண்டு பேரும் மல்லுக்கட்டறீங்களே. எடுக்கச் சொல்லி ஆராச்சும் கேட்டாங்களா?”

இப்போது சொல்லுங்க. சுத்தியல் படக்கூடாது, பட்டி வைக்கக் கூடாது, கதவை மாற்றக் கூடாது. நசுங்கல் வண்டியிலேயே இருக்க வேண்டும், வெளியே தெரியவும் கூடாது. பூவாத்தா சொன்ன வழி என்ன? பெரியவர் வந்து ‘என் வண்டியைக் கொடு’ என்றால், வாக்குத் தவறவில்லை என்று எப்படிக் காட்டுவது?

யோசித்தீர்களா? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினால், அடியில் பித்தளை அப்படியேதானே இருக்கிறது? குழியை எடுக்க வேண்டாம், ஈயத்தை உருக்கி நிரப்புங்கள் என்றாள். ஈயம் உலோகம், மாவு இல்லையே. நூருல்லாவுக்கு முகம் மலர்ந்தது. தீ காட்டி, மரக்கட்டையால் வழித்துவிட்டு, அரத்தால் ராவி, மேலே பெயின்ட் அடித்தார். சுத்தியலைக் கையில் எடுக்கவே இல்லை.

ஊர்வலத்தன்று நஞ்சப்பன் வந்தார். வழவழவென்ற கதவைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. “சாவியக் குடு தம்பி” என்றார். பூவாத்தா பெரியவரை முன்சீட்டில் உட்கார வைத்து, கதவின் உள் அட்டையைக் கழற்றி, அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். வெளியே குழி என்றால் உள்ளே மேடுதானே? உள்ளங்கை அகலத்துக்கு, ருக்குமணி இடித்த இடம் இடித்தபடியே இருந்தது. பெரியவர் தடவினார். மறுபடி தடவினார். கையை எடுக்கவே இல்லை.

வரிசை நகர ஆரம்பித்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பூவாத்தா அட்டையைத் திரும்ப மாட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.